விலகு என்னும் ஏவல்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரி சாய்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பலகை ஒன்று, முனையில் நிறுத்திய சதுரம் போல. மேலே வெடித்துச் சிதறும் உருண்டையின் படம். அதன் கீழ் 1.1 என்றோ 1.3 என்றோ ஓர் எண்ணும், ஓர் ஆங்கில எழுத்தும். பின்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருக்கிறது. முதலில் வந்து சேர்ந்த தீயணைப்பு வீரர் வண்டியைச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, ஒரு சிறு புத்தகத்தைப் புரட்டுகிறார். அவர் படிக்கப் போவது இரண்டே பக்கம். படிக்கக் கிடைக்கும் காலம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. படித்ததைப் பிழையாக உணர்ந்தால் அவரும் அவருடன் வந்தவர்களும் வீடு திரும்பமாட்டார்கள்.

இத்தகைய வாசகனுக்காக எழுதப்படும் உரைநடை எப்படி இருத்தல் வேண்டும்? காப்பியத்தையும் நாவலையும் எடைபோடும் திறனாய்வாளர் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயினும் சொல்லின் பயனை இவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் நூல் வேறு உண்டா என்பது ஐயமே. மேற்சொன்ன சிறு புத்தகம், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் போக்குவரத்துத் துறைகளும் கூடி வெளியிடும் 'எமர்ஜென்ஸி ரெஸ்பான்ஸ் கைட்புக்' என்னும் அவசர நடவடிக்கைக் கையேடு. 1996-ஆம் ஆண்டில் அது மூன்று நாட்டுக்கும் பொதுவான நூலாயிற்று. அண்மைப் பதிப்பு 2024-ஆம் ஆண்டினது. சாலையிலோ இரயில் பாதையிலோ அபாயச் சரக்கு விபத்துக்குள்ளானால், வல்லுநர் வந்து சேரும்வரை முதல் சில நிமிடங்களில் செய்யத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்று சொல்வதே அதன் வேலை. அதற்கு மேல் ஒன்றையும் அது தன் பொறுப்பாகக் கொள்ளவில்லை.

நூலின் அமைப்பு நிறங்களால் ஆனது. மஞ்சள் பக்கத்தில் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நான்கு இலக்க எண்ணைக் கொண்டு சரக்கைத் தேடலாம். நீலப் பக்கத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் ஆரஞ்சுப் பக்கம். செய்முறை அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலுக்கு ஓர் எண் உண்டு, குளோரினுக்கு ஓர் எண் உண்டு. ஆனால் ராக்கெட்டைத் தேடுகிறவனுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. வெடிதலையுடைய ராக்கெட்டுக்கு 0181, வெறுந்தலை ராக்கெட்டுக்கு 0183, ராக்கெட்டு எந்திரத்துக்கு 0186 என்று ஐக்கிய நாடுகள் பட்டியலில் தனித்தனி எண்கள் இருந்தும், இக்கையேட்டின் மஞ்சள் பக்கத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. வெடிபொருள்கள் பெரும்பாலும் பிரிவு எண்ணால் மட்டுமே சுட்டப்படுகின்றன. 1.1, 1.2, 1.3, 1.5 என்னும் நான்கு பிரிவும் 112-ஆம் வழிகாட்டிக்குச் செல்கின்றன, 1.4, 1.6 என்னும் இரண்டும் 114-ஆம் வழிகாட்டிக்குச் செல்கின்றன.

இதனால் விளைவதைப் பாருங்கள். தத்தளிக்கும் கப்பலுக்குக் கயிறு வீசி உயிர்காக்கும் ராக்கெட்டு ஒன்று உண்டு. அது 1.3 பிரிவில் அடைபட்டு வந்தால், ஊரை அழிக்கவல்ல போர் ராக்கெட்டோடு ஒரே பக்கத்தில் வைத்து எண்ணப்படுகிறது. அதே கயிறு வீசும் ராக்கெட்டு 1.4 பிரிவுக்குரியதாக அமைந்திருந்தால் அடுத்த வழிகாட்டிக்குப் போய்விடுகிறது. உயிர்காப்பதும் உயிர்கொல்வதும் ஒரு பக்கத்தில். ஒரே கருவியின் இரு வடிவங்கள் இரு பக்கத்தில்! பகுப்புநெறி கற்ற தமிழாசிரியர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்.

இன்னும் ஒரு குறையும் எடுத்துக்காட்டலாம். ராக்கெட்டு, குண்டைப் போன்றதன்று. குண்டு இருந்த இடத்தில் வெடிக்கும். ராக்கெட்டுக்குள் இருப்பதோ வெடிக்கச் செய்யப்படாத எரிபொருள். ஒரு முனை வழியே தீயைக் கக்கி, மறுமுனை நோக்கிப் பாய்வதற்காகச் செய்யப்பட்டது. தீ பட்டு எந்திரம் பற்றிக்கொண்டால் அது பெட்டியை உடைத்துக்கொண்டு புறப்படலாம். அப்போது அபாயம் வட்டமாக மட்டும் பரவாது. ஒரு திசையில் நீளும். 112-ஆம் வழிகாட்டி இந்தப் பாய்ச்சலைப் பற்றித் தனியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் 'குன்றக் கூறல்' ஒன்று. அது இங்கே பொருந்தாதா?

பொருந்தாது என்பதே ஊன்றி நோக்குவார்க்குத் தெளிவாகும். இதற்குச் சான்று நூலின் பதிப்பு வரலாற்றிலேயே இருக்கிறது. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பர். அந்தக் கண்ணோடு இக்கையேட்டின் பதிப்புகளைப் பார்த்தால் பொருள்பொதிந்த பேதம் ஒன்று அகப்படுகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிய பதிப்புகளில் 112-ஆம் வழிகாட்டி ஒரு நிபந்தனை விதித்தது: சரக்கு வண்டியில் தீப்பற்றி, அதில் கனத்த உலோக உறைக்குள் அடைபட்ட குண்டு, பீரங்கிக்குண்டு போன்றவை இருப்பதாக ஐயுற்றால் 1,600 மீட்டர் விலக வேண்டும், அத்தகையவை இல்லையாயின் 800 மீட்டர் போதும். பிந்திய பதிப்புகளில் இந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. சரக்கு வண்டியில் தீ என்றால் எல்லாப் பக்கமும் 1,600 மீட்டர், தீயணைப்போரும் உட்பட. வேறு பேச்சில்லை.

அறிவு குறைந்து, வாசகம் சிறந்தது. பழைய வாசகம் உண்மையைத்தான் சொன்னது. கனத்த உறை உடைந்தால் அதன் துண்டுகள் நெடுந்தொலைவு பறக்கும் என்பது இயற்பியல். ஆனால் அந்த உண்மையைப் பயன்படுத்த வேண்டியவன் யார்? இரவில், புகையில், ஓட்டுநர் மயங்கிக் கிடக்கையில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருப்பது தடித்த உறையா மெல்லிய உறையா என்று அவன் எவ்வாறு அறிவான்? அறிய முடியாததை அறிந்தாற்போல் முடிவு செய்யும்படி அவனைத் தூண்டியது அந்த வாசகம். 800 மீட்டர் என்ற சிறிய எண்ணைக் கண்டவன், பெரிய எண்ணை விட்டு அதைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. அதை அடித்தவர் யாரோ, அவர் நல்ல எழுத்தாளர்.

இவ்வுண்மையை விளக்க, சாலை விபத்து அல்லாத ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டியிருக்கிறது. 1967-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், டோங்கின் வளைகுடாவில் நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான பாரஸ்டலின் மேல்தளத்தில், விமானம் ஒன்றில் பொருத்தியிருந்த 'ஜூனி' ராக்கெட்டு மின்கோளாறால் தானே புறப்பட்டது. எதிர்வரிசையில் நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியை அது துளைத்தது. எரிநெய் ஆறாக ஓடி, குண்டுகளின் கீழே தீயாயிற்று. தீயணைப்புக் குழுவினர் அஞ்சாமல் உள்ளே சென்றனர். குண்டு சூடேறி வெடிக்கப் பல நிமிடம் ஆகும் என்று அவர்கள் கற்றிருந்தனர். புதுவகைக் குண்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்குச் சரி. அன்று தளத்தில் இருந்தவற்றுள் சில, வெப்பம் தாங்காத பழைய மருந்து அடைத்தவை. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முதற்குண்டு வெடித்தது. முன்நின்ற குழுவினரில் மிகப் பலர் அந்த ஒரு நொடியில் மாண்டனர். அன்று அக்கப்பலில் இறந்தோர் மொத்தம் 134 பேர். அவர்கள் கற்ற பாடம் பொய்யன்று. 'இவ்வகையாயின் இவ்வளவு நேரம்' என்ற பாடம், வகையறியாத இடத்தில் கொல்லும்.

ஆகவே கையேடு ராக்கெட்டின் தனி இயல்பைச் சொல்லாமல் விட்டது மறதியால் அன்று என்று கொள்ளலாம். பாயுமா, வெடிக்குமா, வெறுமனே எரியுமா என்ற மூன்றுக்கும் முதல் நிமிடத்தில் விடை ஒன்றே.

வெறுமனே எரியும் வகைக்கும் இது ஏன் பொருந்துகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2007-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுப் பகுதிகள் எட்டினை யூட்டா மாநிலத்திலிருந்து புளோரிடாவுக்குக் கொண்டுசென்ற இரயில், அலபாமா மாநிலத்தின் மிர்டில்வுட் அருகே பாலம் இடிந்து தடம்புரண்டது. ஒவ்வொரு பகுதியும் நூறு டன்னுக்கு மேற்பட்டது. ஆறு பேர் காயமுற்றனர், எரிபொருள் பற்றிக்கொள்ளவில்லை. அந்த எரிபொருளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு அம்மோனியம் பெர்க்குளோரேட்டு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. விறகில் பிடித்த தீயைப் போர்வையால் மூடினால் காற்றில்லாமல் அணையும். இதை மூடுவதாலோ நுரையால் போர்த்துவதாலோ பயனில்லை. பற்றினால் தீருமட்டும் எரியும். சரக்கைத் தீ எட்டிவிட்டால் போராடாமல் எரியவிட்டு விலகும்படி வழிகாட்டி பணிப்பதற்கு வேதியியலே அடிப்படை. காரணத்தை அந்தப் பக்கம் சொல்வதில்லை. ஆசிரியர்க்கு இது உறுத்தலாம். காரணம் கூறாத கட்டளையை மாணவன் மறப்பான் அல்லவா? ஆனால் காரணம் கற்பிக்கும் இடம் பயிற்சிப் பள்ளி. சாலையோரத்தில் அதற்கு நேரமில்லை.

இனி, இந்நூலின் ஏவல் மனித மனத்தோடு எங்கே மோதுகிறது என்பதைக் காணவேண்டும். தீயணைப்பு வீரன் தீயை நோக்கிச் செல்லப் பழகியவன். புறமுதுகிடுவதை இழிவென்று கருதும் மரபு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீருடை அணிந்த எல்லா நாட்டினர்க்கும் அது உண்டு. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற போர்ட் ஸ்டைக்கின் என்னும் கப்பலில் தீப்பிடித்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், அதனுடன் பருத்திப் பொதிகளும் இருந்தன. வெடிபொருள் இருப்பதைக் காட்டும் செங்கொடி ஏற்றப்படவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, துறையினின்று அகற்றுவதா, நின்று அணைப்பதா என்று அதிகாரிகள் முடிவுக்கு வராமலிருந்த நேரமெல்லாம் தீயணைப்போர் தளத்தின்மேல் நின்று நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். இந்தியா இன்றும் அந்த நாளைத் தீயணைப்புப் பணி நாளாகக் கொண்டாடுகிறது. அவர்களுடைய வீரத்தை ஐயுறுவார் எவரும் இல்லை. 'விலகு' என்று சொல்லும் உரிமையுடைய ஒரு வாசகம் அவர்கள் கையில் இல்லை என்பதே துயரம்.

அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்து ரோஸ்பர்க் நகரிலும் இதுபோல் நிகழ்ந்தது. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, கட்டடப் பொருள் கடை ஒன்றில் பற்றிய தீயை அணைக்க வந்தனர். அருகே நிறுத்தியிருந்த லாரியில் இரண்டு டன் டைனமைட்டும், நாலரை டன் அம்மோனியம் நைட்ரேட்டுச் சார்ந்த வெடிகலவையும் இருந்தன. ஓட்டுநர் அங்கில்லை, விடுதியில் தங்கியிருந்தார். 14 பேர் இறந்தனர், நகரின் நடுப்பகுதி சிதைந்தது. இதற்கு நேர்மாறானது 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் யூட்டாவின் ஸ்பானிஷ் போர்க் பள்ளத்தாக்கில் நடந்தது. 35,500 பவுண்டு வெடிபொருள் ஏற்றிய லாரி கவிழ்ந்து தீப்பற்றியது. ஓட்டுநரும் அங்கிருந்தோரும் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு ஓடினர். சில நிமிடங்களில் வெடித்து நெடுஞ்சாலையே பெருங்குழியாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. அங்கே எவரும் தீயோடு போராட முற்படவில்லை.

எனவேதான் 112-ஆம் வழிகாட்டி ஒரே தொலைவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. துண்டுகள் பறக்கும் தொலைவு 1,600 மீட்டர் என்று அபாயத்தைக் கூறும் இடத்தில் ஒருமுறை. மக்களை அகற்றும் இடத்தில் மீண்டும். தீயைப் பற்றிய இடத்தில் மற்றும் ஒருமுறை. 'கூறியது கூறல்' நன்னூல் நெறிப்படி குற்றம். ஆனால் இந்நூலை எவரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. கண் எங்கே விழுந்தாலும் அந்த எண் அங்கே இருக்கவேண்டும். குற்றம் குணமாகும் இடமும் உண்டு.

இத்துணைப் புகழ்ந்த பின் பழிப்பையும் மறைத்தலாகாது. முதலாவது, நூல் முழுவதும் பலகையை நம்பி நிற்கிறது. பலகை எரியலாம், கவிழ்ந்த பக்கம் மண்ணில் புதையலாம். 1.4 பிரிவுச் சரக்கு 1,001 பவுண்டுக்குக் குறைவாயின் அமெரிக்கச் சாலையில் பலகை மாட்டுவதே கட்டாயமில்லை. மேலும், 112-க்கும் 114-க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று: தீயின்போது முன்னதற்கு 1,600 மீட்டர், பின்னதற்கு 500. தடித்த உறை பற்றிய நிபந்தனையை அடித்த கை, ஒற்றை இலக்கம் மங்கியிருந்தால் என் செய்வது என்பதை இந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, சரக்கு விவரத் தாள். ஐயம் தீர அதைப் பார்க்கவேண்டும், அதிலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசவேண்டும் என்பது முறை. அமெரிக்க விதிப்படி அத்தாள் இருக்கவேண்டிய இடம் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரம். அவர் இறங்கிவிட்டால் கதவுப் பையிலோ இருக்கையின் மேலோ. அதாவது, தாள் இருக்கும் இடம் எதுவோ அதுவே நெருங்கக்கூடாத இடம். ஓட்டுநர் தாளோடு தப்பி வந்தாலன்றி அது படிக்கப்படாத ஓலை.

மூன்றாவது, தொலைவைக் கூறிய நூல் நெருக்கத்தைக் கூறவில்லை. 1,600 மீட்டர் ஆரமுள்ள வட்டம் எட்டுச் சதுரக் கிலோமீட்டர். யூட்டா மலைப்பாதையில் அதற்குள் சில வண்டிகள் இருக்கும். சிங்கப்பூரைப் போன்ற அடுக்குமாடி நகரில் அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் இருக்கும். சன்னல்களை விட்டு அகலவும், விபத்திடம் கண்ணில் படாதபடி மறையவும் வழிகாட்டி சொல்வது உண்மையே. ஆனால் யாரை வெளியேற்றுவது, யாரை உள்ளேயே சுவர்மறைவில் இருத்துவது என்னும் முடிவை வாசகனிடமே விட்டுவிடுகிறது. அகன்ற நிலத்தில் பிறந்த உரைநடை இது. நெருங்கிய ஊருக்குக் கொண்டுவருவோர் இந்த இடத்தில் தம் சொல்லைச் சேர்க்கவேண்டும்.

அவ்வாறு தமிழில் கொண்டுவர முனைந்தால் எழும் இடர் ஒன்று ஆசிரியர்க்குரியது. ஆங்கிலத்தில் விலக்குச்சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கும். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். 'தீயை அணைக்காதே' என்று கூவினால், இரைச்சலில் 'தீயை அணைக்க' என்பது காதில் விழுந்து 'ஆதே' காற்றோடு போகும், கட்டளை தலைகீழாகும். 'அணைக்க வேண்டா' என்பதிலும் அதே ஆபத்து. 'அணைத்தலைத் தவிர்க்கவும்' என்னும் அறிவிப்புப் பலகைத் தமிழோ, இரக்கத்தோடு கேட்டுக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. 'விலகுக' என்னும் வியங்கோளும் இங்கே போதாது. வாழ்த்துக்கும் வேண்டுகோளுக்கும் பழகிய உருவம் அது. எதிர்மறையை அறவே விடுத்து, 'விலகு' என்னும் ஏவலை முதலில் நிறுத்துவதே தக்கது. முன்பின் அறியாதவர்க்கு 'விலகுங்கள்'. இடத்தையும் தொலைவையும் அதன் பின்னர்ச் சொல்லலாம்.

இம்முறையால் தீராத இடம் ஒன்று உண்டு. வழிகாட்டியில் மிக நுட்பமானதும் அதுவே. டயரிலோ வண்டியின் மற்றப் பகுதியிலோ மட்டும் தீ இருந்தால், நீரை வெள்ளமாகப் பாய்ச்சி அணைக்கச் சொல்கிறது. நீரில்லையேல் மண்ணையாவது அள்ளிப் போடச் சொல்கிறது. டயர் அணைந்தபின்னும் மீண்டும் பற்றும், காவல் நிற்கவேண்டும் என்று எச்சரிக்கிறது. சரக்கை எட்டிவிட்டாலோ ஒரு வாளி நீரும் கூடாது. ஒரே தீ, இரண்டு முழத் தொலைவில் கட்டளையை மாற்றிவிடுகிறது. 'எட்டிவிட்டதா?' என்ற கேள்விக்கு விடை காணாமல் எவரும் இந்தப் பக்கத்தைப் பயன்படுத்த முடியாது. அதைக் காண்பதற்கு அருகே போகவும் கூடாது. ஆளில்லாமல் நிறுத்தி வைக்கும் நீர்ப்பீச்சிகளைத் தொலைவிலிருந்து இயக்கச் சொல்லி நூல் ஓரளவு சமாளிக்கிறது. தடித்த உறை பற்றிய நிபந்தனையை நீக்கியதுபோல் இதையும் நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கினால், ஒரு வாளி நீரில் அடங்கியிருக்கும் டயர்த் தீ ஒவ்வொன்றும் சரக்குத் தீயாக வளரும். ஆதலின் இந்த ஒரு நிபந்தனை இருந்தே தீரவேண்டும். அதைச் சொல்லும் சொல்லாவது மயங்காதிருக்கவேண்டும்.

தமிழில் அதற்கு நீண்ட வாக்கியம் வேண்டியதில்லை. 'டயரில் தீ: நீர். சரக்கில் தீ: விலகு. தெரியவில்லையா: விலகு.' ஆங்கில மூலத்தில் மூன்றாவது கூறு இவ்வளவு வெளிப்படையாக இல்லை. தமிழில் சேர்க்கத் தடையுமில்லை. டயரை 'உருளிப்பட்டை' என்று எழுதும் ஆர்வம் சிலருக்கு உண்டாகலாம். வகுப்பறையில் அது நல்ல சொல்லாகலாம். லாரி ஓட்டுவோரும் தீயணைப்போரும் டயர் என்றே சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தில் டயர் என்றே இருக்கட்டும்.